குழந்தையின் குடல் செருகல்: அப்ரூவலுக்காகக் காத்திருக்கக் கூடாத நோய்

இந்த வாரம் எழுத நினைச்சது வேற. புது வரி முறையா, பழைய வரி முறையான்னு ஒரு ஒப்பீடு பாதி எழுதி வெச்சிருந்தேன். அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிட்டேன். காரணம், போன வாரம் ஆபீசுக்கு வந்த ஒரு தம்பி. வயசு 28, கைக்கு வரும் சம்பளம் மாசம் 62,000, வீட்டில் அஞ்சு மாசக் குழந்தை. ரிட்டர்ன் ஃபைல் பண்ண வந்தவர்கிட்ட பேச்சுவாக்கில் கேட்டேன், "கம்பெனி மெடிக்கல் பாலிசியில குழந்தை பேரைச் சேர்த்துட்டீங்களா?" "இன்னும் இல்ல சார், அடுத்த ரினியூவல்ல சேர்த்துக்கலாம்னு இருக்கேன்"ன்னார்.

எனக்கு செம்மேடு ஞாபகம் வந்துடுச்சு.

கொல்லிமலை போயிருப்பீங்க. ஆகாய கங்கை, அறப்பளீஸ்வரர் கோயில், காரவள்ளியிலிருந்து ஏறுற 70 கொண்டை ஊசி வளைவு. அந்த மலைக்கு மேலே பஸ் நிற்கிற முக்கியமான ஊர் செம்மேடு. என் தங்கச்சி வாக்கப்பட்ட ஊர். மாப்பிள்ளைக்கு வேலை ஓசூரில், பன்னாட்டு கம்பெனி, நல்ல சம்பளம். சில வருஷம் முன்னாடி ஆடிப்பெருக்குக்கும் வல்வில் ஓரி விழாவுக்கும் குழந்தையைத் தூக்கிட்டு ஊருக்குப் போயிருந்தாங்க. பையனுக்கு அப்போ ஏழு மாசம். நல்லா தவழ்ந்துட்டு, கொழுகொழுன்னு இருந்தான். ரெண்டு வாரம் முன்னாடி லேசா சளி, காய்ச்சல் வந்து போயிருந்தது. அவ்வளவுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு திடீர்னு வீறிட்டு அழ ஆரம்பிச்சான். காலை வயித்தோட மடக்கிக்கிட்டு, முகம் வெளுத்து, ரெண்டு மூணு நிமிஷம் அழுகை. அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி அமைதி. தங்கச்சி பால் கொடுத்தா. கால் மணி நேரம் கழிச்சு மறுபடி அதே வீறல். குடிச்ச பாலையும் கக்கிட்டான்.

அத்தை, அதாவது மாப்பிள்ளையோட அம்மா, பார்த்துட்டு "உரம் விழுந்திருக்கு கண்ணு, சேலையில போட்டு உருட்டி எடுத்தா சரியாயிடும்"னு சொன்னாங்க. நம்ம ஊர்ப்பக்கம் குழந்தையை ஏடாகூடமா தூக்கினா உரம் விழும்னு சொல்வாங்க, உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். அத்தை அதில் கைராசிக்காரங்க. ஊரே அவங்ககிட்ட குழந்தையைத் தூக்கிட்டு வரும். சேலையில படுக்க வெச்சு ரெண்டு பக்கமும் பிடிச்சு உருட்டினாங்க. அழுகை நின்னுச்சு. எல்லாருக்கும் நிம்மதி. இருபது நிமிஷத்தில் மறுபடி ஆரம்பம். "குடல் ஏறியிருக்கும்"னு பக்கத்து வீட்டில் ஒருத்தர் சொல்ல, விளக்கெண்ணெய் தடவி வயித்தை நீவி விட்டாங்க. அழுகை நின்னுச்சு. மறுபடி ஆரம்பம். கிரைப் வாட்டர் கொடுத்தாங்க. நின்னுச்சு.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்க. இந்த நோயோட பெரிய ஏமாத்து வேலையே இதுதான். வலி விட்டு விட்டு வரும். வலி வர்றப்போ நாம ஏதாவது ஒண்ணு செய்வோம், வலி தானாவே அடங்கும், கடைசியா என்ன செஞ்சோமோ அதுக்குப் பேர் போயிடும். டெலிகிராம் குரூப்பில் யாரோ சொன்ன ஷேரை வாங்கி, மறுநாள் மார்க்கெட்டே ஏறினதில் அதுவும் ஏறினா, அந்த ஆளைக் கும்பிடுறோமே, அதே கணக்கு. படிச்சவங்க, படிக்காதவங்கன்னு இதில் வித்தியாசமே இல்லை. அந்த வீட்டில் ரெண்டு இன்ஜினீயர்கள் இருந்தாங்க.

ராத்திரி 70 வளைவு இறங்கணுமான்னு யோசிச்சு, விடியட்டும்னு முடிவு பண்ணினாங்க. காலையில் ஆறு மணிக்கு துணியில் பார்த்தா, சிவப்பா, ஜவ்வு மாதிரி, சளியும் ரத்தமும் கலந்து மலம். எட்டு மணிக்கு ஒரு கிளினிக். "சீதபேதி"ன்னு சொல்லி ஆன்டிபயாடிக்கும் உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டும் கொடுத்து அனுப்பிட்டாங்க. மதியம் பன்னிரண்டு மணிக்கு பையன் அழறதையே நிறுத்திட்டான். வலி போயிடுச்சுன்னு நினைச்சிருக்காங்க. ஆனா கூப்பிட்டா பார்க்கலை, கை கால் தொளதொளன்னு கிடக்கு, வாந்தி பச்சை நிறத்தில் வந்தது. அப்போதான் வண்டியை எடுத்தாங்க. எனக்கும் போன் வந்தது. "அண்ணா, பையன் கண்ணையே தொறக்க மாட்டேங்கிறான்"னு தங்கச்சி சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கு.

மூணு மணிக்கு கீழே ஒரு மருத்துவமனையில் வயித்து ஸ்கேன். நாலு மணிக்குள்ள நோய்க்குப் பேர் தெரிஞ்சுடுச்சு. குடல் செருகல். இங்கிலீஷில் இன்டஸசெப்ஷன்னு சொல்வாங்க. அங்கே குழந்தைகளுக்கான சர்ஜன் இல்லை. பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தாங்க. அங்கே போய்ச் சேர மாலை ஆறரை. ஒன்பது மணி வரைக்கும் பணக்கதை. அதைத் தனியா சொல்றேன். ஒன்பதுக்கு மேல் ஆசனவாய் வழியா உப்பு நீர் செலுத்தி குடலை வெளியே தள்ளிப் பார்த்தாங்க. முடியலை. பதினோரு மணிக்கு ஆபரேஷன். செருகின குடலைக் கையால மெதுவா பிதுக்கி எடுத்தாங்க. ஒரு சின்ன துண்டு கறுத்துப் போயிருந்தது. அதை வெட்டி எடுத்து இணைச்சாங்க.

பையன் இப்போ நல்லா இருக்கான். இதை முதலிலேயே சொல்லியிருக்கணும், மன்னிச்சுக்கோங்க.

இந்த நோய் என்னன்னா

முழுக்கை சட்டையைக் கழட்டும்போது கைப்பகுதி உள்ளுக்குள்ள இழுத்துக்கிட்டுப் போகும் பாருங்க, அந்த மாதிரி குடலோட ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள்ள நுழைஞ்சுக்கும். பெரும்பாலும் சிறுகுடல் முடியுற இடம் பெருங்குடலுக்குள்ள போகும். போகும்போது தன்னோட ரத்தக் குழாய்களையும் சேர்த்து இழுத்துட்டுப் போகும். குழாய் நசுங்கும், குடல் வீங்கும், உள்சவ்வு ரத்தமும் சளியுமா கசியும். அந்த ஜவ்வு மலம் அதுதான். இன்னும் நேரம் போனா அந்தப் பகுதி செத்துப் போகும், ஓட்டை விழும், வயிறு முழுக்க விஷம்.

மூணு மாசத்திலிருந்து மூணு வயசு வரைக்கும் வரலாம், அதிகம் வர்றது அஞ்சிலிருந்து ஒன்பது மாசக் குழந்தைகளுக்கு. பெரும்பாலானவங்களுக்கு இன்னதுதான் காரணம்னு சொல்ல முடியாது. வைரஸ் காய்ச்சல் வந்து போன பிறகு குடல் முனையில் நெறிக்கட்டு வீங்கி, அது முன்னே இழுக்கப்படுறதா டாக்டர்கள் சொல்றாங்க. குழந்தையை யாரும் தப்பா தூக்கினதால வர்றது கிடையாது. அம்மா எதையோ சாப்பிட்டதாலயும் கிடையாது. இதை எழுதுறதுக்குக் காரணம் இருக்கு. ஆஸ்பத்திரி வராந்தாவில் என் தங்கச்சியை ரெண்டு பேர் அதைத்தான் கேட்டாங்க.

பாடப்புத்தகத்தில் மூணு அடையாளம் போட்டிருக்கும்: விட்டு விட்டு வயித்து வலி, வாந்தி, ரத்தச் சளி மலம். மூணும் சேர்ந்து வர்ற குழந்தைகள் குறைவு. ரத்த மலம் வர்ற வரைக்கும் காத்திருந்தா, அது ஏற்கனவே தாமதம். சில குழந்தைகள் அழவே மாட்டாங்க, சோர்ந்து துவண்டு மட்டும் கிடப்பாங்க. அதனால நீங்க டாக்டர் ஆக வேண்டாம், ஒரே ஒரு கேள்வி போதும். ஒரு வயசு ஒன்றரை வயசுக் குழந்தை, விட்டு விட்டு வீறிட்டு அழுது, கூடவே வாந்தியும் இருந்தா, "டாக்டர், குடல் செருகலா இருக்குமா? வயித்து ஸ்கேன் பார்த்துடலாமா?"ன்னு கேளுங்க. நல்ல டாக்டர் யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. ஸ்கேனில் வட்டத்துக்குள்ள வட்டம் மாதிரி தெரியும். பழக்கப்பட்ட கண்ணுக்கு அது கிட்டத்தட்ட தப்பவே தப்பாது. கதிர்வீச்சு கிடையாது, மயக்க மருந்து கிடையாது, சில நிமிஷ வேலை. எக்ஸ்ரே நார்மல்னு வந்தா நோய் இல்லைன்னு அர்த்தமில்லை, அதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

சிகிச்சை இன்னும் ஆச்சரியம். சீக்கிரமா போனா கத்தியே தேவைப்படாது. முதலில் டிரிப்ஸ் ஏத்தி உடம்பைத் தேத்துவாங்க. அப்புறம் சர்ஜனைத் தயாரா வெச்சுக்கிட்டு, ஆசனவாய் வழியா காத்தோ உப்பு நீரோ அளவான அழுத்தத்தில் செலுத்தி, ஸ்கேனில் பார்த்துக்கிட்டே உள்ளே போன குடலை வந்த வழியே தள்ளுவாங்க. நல்ல மையங்களில் பத்தில் எட்டு குழந்தைக்காவது இதிலேயே சரியாயிடும். டென்மார்க்கில் ஹிர்ஷ்ஸ்ப்ருங்ங்கிற டாக்டர் 19-ம் நூற்றாண்டிலேயே தண்ணீர் அழுத்தத்தில் இதைச் செஞ்சு எழுதி வெச்சிருக்கார். 1986-ல் சீன டாக்டர்கள் 13 வருஷத்தில் காத்து அழுத்தம் வெச்சு சிகிச்சை பார்த்த 6,396 பேரோட கணக்கை வெளியிட்டாங்க. புது டெக்னாலஜி ஒண்ணும் இல்லை. ஆனா இதை வீட்டில் சோப்புத் தண்ணி எனிமான்னு யாரும் முயற்சி பண்ணிடாதீங்க, குடலில் ஓட்டை விழுந்துடும். குழந்தை அதிர்ச்சி நிலைக்குப் போயிருந்தாலோ, குடலில் ஏற்கனவே ஓட்டை விழுந்திருந்தாலோ ஆஸ்பத்திரியிலேயே இதைச் செய்ய மாட்டாங்க, நேரா ஆபரேஷன்தான்.

அதாவது, மலிவான, வலி குறைஞ்ச சிகிச்சை சீக்கிரம் வந்தவங்களுக்கு. ஒரு நாள், ரெண்டு நாள்னு தள்ளத் தள்ள அது கைநழுவிப் போகும். நம்ம சேனலில் நான் கூட்டு வட்டியைப் பத்தி எத்தனை தடவை பேசியிருப்பேன். இது எதிர்ப்பக்கம் ஓடுற கூட்டு வட்டி, மணிக்கணக்கில்.

30 மணி நேரத்துக்கு ஒரு லெட்ஜர்

பையன் டிஸ்சார்ஜ் ஆன பிறகு ஒருநாள் உட்கார்ந்து கணக்கு போட்டேன். தொழில் புத்தி. சனி மாலை அஞ்சிலிருந்து ஞாயிறு ராத்திரி பதினொண்ணு வரைக்கும் 30 மணி நேரம். வீட்டில் உரம், எண்ணெய், விடியட்டும்னு போனது 15. சீதபேதின்னு நம்பினது 4. மலை இறங்கி முதல் மருத்துவமனை சேர்ந்தது 3. ஸ்கேன் எடுத்து அங்கிருந்து பெரிய மருத்துவமனை சேர்ந்தது மூன்றரை. பணத்துக்காகப் போனது இரண்டரை. சிகிச்சை ஆரம்பிச்சு தியேட்டர் போறது வரைக்கும் 2.

பணத்தோட பங்கு சின்னதுதான். அந்த இரண்டரை மணி நேரம் மிச்சமாகியிருந்தா ஆபரேஷன் இல்லாம முடிஞ்சிருக்குமான்னு சர்ஜன்கிட்ட கேட்டேன். "சொல்ல முடியாது சார்"ன்னார். நேர்மையான பதில். ஆனா மலையோட தூரத்தை நான் குறைக்க முடியாது, முதல் கிளினிக்கில் நடந்ததை மாத்த முடியாது. இந்த லெட்ஜரில் முழுக்க முழுக்க நம்ம கையில் இருந்த ஒரே பதிவு அந்த இரண்டரை மணி நேரம்தான். அதுவும், மாசம் லட்சத்துக்கு மேல் சம்பளம் வாங்குற, எஸ்.ஐ.பி. போடுற, என்னோட எல்லா வீடியோவையும் பார்க்குற ஒரு மனுஷனுக்கு நடந்தது.

என்ன ஆச்சுன்னா, மாப்பிள்ளை கம்பெனி பாலிசி கார்டை நீட்டினார். இன்ஷூரன்ஸ் டெஸ்கில் பார்த்துட்டு "கணவர், மனைவி பேர் மட்டும்தான் இருக்கு சார், குழந்தை பேர் இல்லை"ன்னாங்க. பிரசவத்துக்கு அதே பாலிசியில்தான் கிளைம் பண்ணினாங்க, அதனால குழந்தை தானா சேர்ந்திருக்கும்னு இவர் நினைச்சுட்டார். தானா எதுவும் சேராது. பல கம்பெனிகளில் குழந்தை பிறந்து 30 நாளுக்குள்ள எச்.ஆர். போர்ட்டலில் நீங்கதான் சேர்க்கணும். தவறினா அடுத்த ரினியூவல் வரைக்கும் கதவு மூடிடும். ஞாயித்துக்கிழமை ராத்திரி எச்.ஆர். யார் போன் எடுப்பாங்க?

சரி, கைப்பணம். அட்வான்ஸ் ஒரு லட்சம் கேட்டாங்க. எமர்ஜென்சி ஃபண்ட் இருந்தது, என் பேச்சைக் கேட்டு ஆறு மாசச் செலவை லிக்விட் ஃபண்டில் போட்டு வெச்சிருந்தார். ஞாயித்துக்கிழமை அதிலிருந்து என்ன எடுக்க முடியும்? உடனடி ரிடெம்ப்ஷன் வசதி இருக்கிற ஃபண்டில் நாளைக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய், இல்லைன்னா முதலீட்டில் 90 சதவீதம், இதில் எது குறைவோ அது. மீதி அடுத்தடுத்த வேலை நாளில்தான். கிரெடிட் கார்டில் லிமிட் முக்கால்வாசி, புது போன் இ.எம்.ஐ.யில் போயிருந்தது. நான் பணம் அனுப்பலாம்னா, அவர் அக்கவுன்டை என் நெட் பேங்கிங்கில் அப்போதான் புதுசா சேர்க்குறேன், முதல் 24 மணி நேரத்துக்கு லிமிட். ரெண்டு நண்பர்கள் அனுப்பி ஒருவழியா ஒன்பது மணிக்கு ரசீது போட்டாங்க. டிரிப்ஸ் எல்லாம் முதலிலேயே ஏத்திட்டாங்க, அதைக் குறை சொல்ல மாட்டேன். உயிர் காக்கும் சிகிச்சைதான் முதலில், மத்ததெல்லாம் பிறகுன்னு 1989-லேயே பரமானந்த கட்டாரா வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. ஆனா கேஷ் கவுன்டர் முன்னாடி குழந்தையோட நிற்குறவனுக்கு தீர்ப்பு நம்பர் ஞாபகம் வராது. மொத்த பில் 2 லட்சத்து 10 ஆயிரம்.

ஒரு தப்பு என்னோடது. எமர்ஜென்சி ஃபண்டை லிக்விட் ஃபண்டில் போடுங்கன்னு சொன்ன நான், "முழுசையும் போடாதீங்க"ன்னு சொல்லலை. இப்போ நான் சொல்றது வேற. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தா, ஒரு லட்சமாவது சேவிங்ஸ் அக்கவுன்டிலோ, ஆட்டோ ஸ்வீப் வசதியுள்ள டெபாசிட்டிலோ இருக்கட்டும். வட்டி ரெண்டு மூணு சதவீதம் குறைஞ்சா, ஒரு லட்சத்துக்கு வருஷம் ரெண்டாயிரம் மூவாயிரம் நஷ்டம். அதை நஷ்டம்னு நான் எழுத மாட்டேன், அது ஞாயித்துக்கிழமைக்கான பிரீமியம். மருத்துவமனைக்கு யு.பி.ஐ.யில் கட்ட 5 லட்சம் வரைக்கும் ரிசர்வ் வங்கி அனுமதிச்சிருக்கு. ஆனா அந்த ஆஸ்பத்திரி அந்த வகை வணிகரா பதிவாகியிருக்கணும், உங்க பேங்கும் அனுமதிக்கணும். இல்லைன்னா வழக்கமான ஒரு லட்சம்தான். கூடப்பிறந்தவங்க, பெத்தவங்க அக்கவுன்டை இன்னிக்கே பெனிஃபிஷியரியா சேர்த்து வையுங்க. அஞ்சு நிமிஷ வேலை.

பாலிசியின் சின்ன எழுத்து

குழந்தை பேர் இருந்தாலும் முழு நிம்மதி இல்லை. இது இந்த நோய்க்கே உரிய சிக்கல். குடல் செருகல் ஆபரேஷன் இல்லாம சரியாச்சுன்னா, குழந்தையை சில மணி நேரம் கண்காணிப்பில் வெச்சுட்டு அனுப்பிடவும் வாய்ப்பிருக்கு. ஆனா பாலிசியில் "ஆஸ்பத்திரி சேர்க்கை"ன்னா குறைஞ்சது தொடர்ச்சியா 24 மணி நேரம். அதுக்குக் குறைஞ்சா டே-கேர் சிகிச்சையில் வரணும். டே-கேருக்கான வரையறையைப் படிச்சுப் பாருங்க, மயக்க மருந்தோ மரத்துப்போகும் மருந்தோ கொடுத்துச் செய்ற சிகிச்சைன்னு இருக்கும். உப்பு நீர் அழுத்தச் சிகிச்சையைப் பல இடங்களில் மயக்க மருந்தே இல்லாம செய்றாங்க. அப்போ இது எந்தப் பெட்டியில் விழும்? கிளைம் பார்க்குறவர் மனசைப் பொறுத்த விஷயமா ஆயிடுது. இதைவிடக் கொடுமை, சில சமயம் ஸ்கேன் எடுக்கிறதுக்குள்ள குடல் தானாவே வெளியே வந்திருக்கும். அப்போ "பரிசோதனைக்காக மட்டும் சேர்க்கை"ங்கிற விலக்கை, பாலிசியில் எக்ஸ்க்ளூஷன் 04-ன்னு இருக்கும், அதைக் காட்டி மறுக்கலாம். கத்தி வெச்சு குடலை வெட்டினா கேள்வி கேக்காம பணம், சீக்கிரமா வந்து கத்தி இல்லாம பிழைச்சா வாக்குவாதம். எனக்கு இது சரின்னு படலை. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-ல் வெளியிட்ட சுற்றறிக்கையில் கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ள பதில் சொல்லணும்னு கொண்டு வந்தாங்க, நல்ல விஷயம். அதே மாதிரி இந்த 24 மணி நேர விதியையும் குழந்தைகள் விஷயத்திலாவது மாத்தணும்.

அது மாறுற வரைக்கும் என் கருத்து: ஸ்கேன் செலவும் முதல் நாள் செலவும் நம்ம பாக்கெட்டிலிருந்துதான்னு முடிவு பண்ணிடுங்க. இன்ஷூரன்ஸ் கொடுத்தா லாபம். கிளைம் கிடைக்கணும்னு ஒரு ராத்திரி கூட இருங்கன்னு யாராவது யோசனை சொன்னா டாக்டர் சொல்றதை மட்டும் கேளுங்க. கண்காணிப்புக்கு மருத்துவக் காரணமும் இருக்கு. சரியான குழந்தைகளில் பத்தில் ஒருத்தருக்கு மறுபடி செருகல் வரலாம்.

தனி ஃபேமிலி ஃப்ளோட்டர் வெச்சிருக்கவங்களுக்கு ஒரு வார்த்தை. பல பாலிசிகளில் குழந்தையை 91-ம் நாளிலிருந்துதான் சேர்க்க முடியும். அந்தத் தேதியை போன் காலண்டரில் போட்டு வையுங்க, ஏன்னா அதுக்கப்புறம் ரெண்டே மாசத்தில் இந்த நோய் அதிகம் வர்ற வயசு ஆரம்பிச்சுடும். புதுசா பாலிசி எடுக்கிறவங்களுக்கு விபத்து தவிர மத்த நோய்க்கு முதல் 30 நாள் கிளைம் கிடையாது. "புது வரி முறைக்கு மாறிட்டேன், 80டி கழிவு இல்லை, அதனால பாலிசியை நிறுத்திட்டேன்"னு சொல்றவங்களைப் பார்த்தா ஒரு சி.ஏ.வா எனக்குக் கோபம்தான் வருது. வரிக்காகவா இன்ஷூரன்ஸ் எடுத்தீங்க? 2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர் பாலிசி பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. சம்பளம் 21,000-க்குள்ள இருக்கிற தம்பிகள் ஈ.எஸ்.ஐ. கார்டில் குழந்தை பேர் ஏறியிருக்கான்னு பாருங்க. மாசாமாசம் உங்க சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறாங்க, அந்த உரிமை உங்களுது.

இன்னொண்ணு, இது பலருக்குப் பிடிக்காது. இந்த நோய்க்கு மார்பிள் போட்ட லாபி உதவாது. ஸ்கேன் பார்க்க ஆளும் குழந்தைகள் சர்ஜனும் ராத்திரியிலும் இருக்கணும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை மாதிரி இடங்களில் அதுக்குன்னே பிரிவு இருக்கு, அங்கே டெபாசிட் கேட்க மாட்டாங்க. சம்பளக்காரங்க நாம அரசு மருத்துவமனையைக் கடைசி வழியா மட்டுமே நினைக்கிறோம். அந்த ஞாயித்துக்கிழமை நாங்களும் அப்படித்தான் நினைச்சோம். நேரா சேலம் போயிருந்தா லெட்ஜரில் அந்த இரண்டரை மணி நேரமே இருந்திருக்காது. 108-ஐக் கூப்பிட்டு, "குழந்தைகள் சர்ஜன் இருக்கிற இடம்"னு தெளிவா சொல்லியிருக்கலாம். ஊரில் இருக்கிற சொந்தங்களில் வருஷ வருமானம் 1,20,000-க்குள்ள இருக்கிறவங்களுக்கு முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் இருக்கு. அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ, கார்டு எடுத்துட்டாங்களான்னு நீங்களே விசாரிங்க.

கடைசியா தடுப்பூசி சந்தேகம். ரோட்டாவைரஸ் சொட்டு மருந்து கொடுத்தா குடல் செருகல் வரும்னு வாட்ஸ்அப்பில் சுத்துது. அது முழுப் பொய் கிடையாது, பழைய உண்மை. அமெரிக்காவில் 1998-ல் வந்த ரோட்டாஷீல்டுங்கிற மருந்தை இதே காரணத்துக்காக 1999-லேயே நிறுத்தினாங்க. அதனாலதான் அடுத்து வந்த ஒவ்வொரு மருந்தையும் இந்த ஒரு விஷயத்துக்காகவே தோண்டித் தோண்டிப் பார்த்தாங்க. நம்ம நாட்டு ரோட்டாவேக்கை டெல்லி, புனே, வேலூர்னு மூணு இடத்தில் 6,799 குழந்தைகளிடம் சோதிச்சாங்க. அந்த எண்ணிக்கை இவ்வளவு அபூர்வமான பக்கவிளைவைக் கண்டுபிடிக்கப் போதாது, வேலூர் தரவைத் தனியா வெளியிடுங்கன்னு சில டாக்டர்கள் கேட்டாங்க. ஆடிட்டரா நான் அவங்க பக்கம், கணக்கைக் காட்டச் சொல்றதில் தப்பே இல்லை. பிறகு, தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்த 2016-லிருந்து 2019 வரைக்கும் 10 மாநிலங்களில் 27 மருத்துவமனைகளில் குடல் செருகலோட வந்த குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்த்தாங்க. தடுப்பு மருந்து கொடுத்ததுக்குப் பிந்தைய நாட்களில் ஆபத்து கூடலைன்னு 2020-ல் முடிவு வெளிவந்தது. தமிழ்நாட்டில் 2017-லிருந்து அரசு சுகாதார நிலையங்களில் 6, 10, 14-வது வாரத்தில் இலவசமா கொடுக்குறாங்க. என் மருமகனுக்கும் கொடுத்திருந்தது, கடைசி டோஸ் முடிஞ்சு மூணு மாசத்துக்கு மேல் ஆயிருந்தது. வயித்துப்போக்கில் போற உயிர்களோட ஒப்பிட்டா கொடுக்கிறதுதான் சரின்னு நான் நினைக்கிறேன். சந்தேகம் இருந்தா குழந்தை டாக்டர்கிட்ட கேளுங்க, சித்தப்பா அனுப்பின ஃபார்வர்டை நம்பாதீங்க.

போன ஆடிக்கு செம்மேடு போயிருந்தேன். பையன் ஓரி சிலை முன்னாடி ஓடிட்டிருந்தான், வயித்தில் கோடு மாதிரி தழும்பு. அத்தை இன்னும் உரம் எடுக்குறாங்க, ஊர் விடாது. ஆனா குழந்தையைத் தூக்கிட்டு யார் வந்தாலும் சேலையை விரிக்கிறதுக்கு முன்னாடி கேக்குறாங்க: "வாந்தி எடுத்தானா? விட்டு விட்டு அழறானா?" ஆமான்னா கையே வைக்கிறதில்லை. "டவுனுக்குக் கொண்டு போய் வயித்துல ஸ்கேன் எடுங்க கண்ணு"ன்னு அனுப்பிடுறாங்க. பஸ்சுக்குக் காசில்லைன்னா தன் முந்தானையை அவுத்துக் கொடுத்தும் அனுப்புறாங்க.

அந்த 28 வயசுத் தம்பி நேத்து மெசேஜ் பண்ணியிருந்தார். அவங்க எச்.ஆர். 30 நாள் தாண்டிடுச்சுன்னு சொல்லிட்டாங்களாம். தனி ஃப்ளோட்டர் பார்த்துட்டிருக்கோம்.